கார் நிறுத்தப் போனவருக்கு

ஏனுங்க,

நான்தான். நேற்று மல்யுத்தம் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே போனேன்.

நீங்கள் போய் நாலு மாதம் கழித்து உங்கள் கோட்டுப் பையில் இரண்டு டிக்கெட் கிடைத்தன. மெக்சிகோவின் பழைய மல்யுத்த வீரர்களுக்கு மரியாதை செய்யும் விழா, ஹூஸ்டனில், ஞாயிறு மத்தியானம். பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் மல்யுத்தம் பார்க்கக் கூப்பிட்டீர்கள். "ரெண்டு தடியனுங்க கட்டிப் பொரள்றதப் பாக்க நான் எதுக்குங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். அதற்குப் பிறகும் எனக்கொரு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறீர்களே, என்ன மனுஷர் நீங்கள்?

மகளைக் கூப்பிட்டேன். அதெல்லாம் ஃபேக் என்று கலிஃபோர்னியாவிலிருந்து போனிலேயே முடித்துவிட்டாள். எனக்குத்தான் வண்டிகள் பறக்கும் ஃப்ரீவே என்றால் நடுக்கமாயிற்றே. நம் பேர்லேண்ட் வீட்டிலிருந்து சின்னத் தெருக்களாகப் பார்த்துப் பார்த்து ஓட்டி, அரை மணிப் பயணத்தை ஒன்றேகால் மணி நேரமாக்கிப் போய்ச் சேர்ந்தேன்.

உங்கள் நாற்காலியைக் காலியாக விட்டு என்னுடையதில் உட்கார்ந்தேன். காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருந்த மெக்சிகோக்காரப் பெரியவர் என் பொட்டைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். ரமோன் என்று பெயராம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி. காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று என்னை விசாரித்தார். எந்தக் காய்ச்சல்?

அப்புறம்தான் தெரிந்தது. காய்ச்சல், கோயிலில் சமையல் வேலை, மகளுக்குப் பரீட்சை. என் சார்பில் எத்தனை சாக்குச் சொல்லியிருக்கிறீர்கள்! அடுத்த வாரம் வருவாள், அடுத்த வாரம் வருவாள் என்று. அவளுக்கு இஷ்டமில்லை என்று ஒருநாள்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

நாலு மாதமாக ஆளைக் காணோமே, இந்தியா போயிருப்பார் என்று நினைத்தாராம். "அவர் கார் நிறுத்தப் போயிருக்காரா?" என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் ஒருவருக்காவது நீங்கள் உயிரோடு இருந்துவிட்டுப் போங்களேன் என்று தோன்றியது. தப்பா?

பழைய வீரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோட்டு, டை, கைத்தடி. ஆனால் சண்டையில் போட்ட முகமூடியை மட்டும் இந்த வயதிலும் கழற்றமாட்டார்களாம். ஒருவரை இரண்டு பேர் தாங்கி மேடையேற்றியபோது, "பாத்து, பாத்து" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் வருஷம் பூராவும் அதைச் சொல்லியே கேலி பண்ணியிருப்பீர்கள்.

கடைசியில் இறந்துபோன வீரர்களின் பெயர்களை வாசித்தார்கள். உங்கள் ஆபீசில் செய்ததுபோல ஒரு நிமிஷம் மௌனம் என்று நினைத்து எழுந்து தலைகுனிந்தேன். கூடமே கைதட்டியது. போனவர்களுக்கு ஒரு நிமிஷம் கைதட்டுவதுதான் எங்கள் வழக்கம் என்றார் ரமோன்.

நானும் தட்டினேன். நிமிஷம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கை நிற்கவில்லை. காரியத்தன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. ரமோன் என்னைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி எழுந்து என்னோடு சேர்ந்து தட்டினார்.

ஞாயிறு சாயங்காலமானால் கராஜ் கதவுச் சத்தத்துக்கு என் காது இன்னும் காத்திருக்கிறது. நேற்று அந்தச் சத்தத்தோடு வந்தவள் நான். உள்ளே கேட்க யாரும் இல்லை.

அடுத்த வாரம் போகிறேன், ஃப்ரீவேயிலேயே. ரமோனிடம் எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். இனி எனக்காக நீங்கள் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதினோரு வருஷம் காய்ச்சலில் கிடந்த,
உங்கள் மனைவி