கணுக்காலும் க்ரூஸ் கண்ட்ரோலும்

மார்ச் 3, திங்கள்

நான்கு மாதம் கழித்து இன்று வண்டியை எடுத்தேன். வலது கணுக்காலுக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி. மாடு உதைத்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். சாணத்தில் வழுக்கி விழுந்தேன் என்று ஒரு மாட்டு டாக்டர் எந்த வாயால் சொல்வது?

தலைமை மருத்துவர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். பண்ணை பண்ணையாகப் போகும் வேலையா, ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலையா, 28ஆம் தேதிக்குள் எழுதித் தர வேண்டுமாம். ஆய்வகம் என்றால் நாள் முழுக்க இரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாட்டின் முகத்தையே பார்க்காத மாட்டு டாக்டர்! எனக்குப் பண்ணைதான் வேண்டும். கால் ஒத்துழைக்க வேண்டும்.

மார்ச் 5

முதல் பண்ணைக்கு எழுபது கிலோமீட்டர், நேர் சாலை. அவ்வளவு தூரமும் ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தால் கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. அதனால் க்ரூஸ் கண்ட்ரோல். ஸ்டியரிங் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் வண்டி தானே எண்பதைப் பிடித்துக்கொள்ளும், காலை நீட்டிக்கொள்ளலாம். என்ன, இருபத்துநான்கு வயதான ஃபோர் வீல் டிரைவ், அதற்கென்று ஒரு எருமைக் குணம் உண்டு. மேடு வந்தால் முதலில் கண்டுகொள்ளாது. எழுபதுக்கு இறங்கிய பிறகு திடீரென்று நினைவு வந்து உறுமிக்கொண்டு பாயும். இறக்கத்தில் தொண்ணூறைத் தாண்டினாலும் கவலைப்படாது. பிரேக் நம் பொறுப்பு. பிரேக்கைத் தொட்டால் போதும், கோபித்துக்கொண்டு விட்டுவிடும்.

"உங்களுக்கும் இதே சுபாவம்தான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன் எருமையோட என்னைச் சேக்காத" என்றார்.

மார்ச் 11

பின்னால் ட்ரெய்லர் மாட்டி, காய்ச்சல் கண்ட இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்தேன். கால் பரவாயில்லை.

மார்ச் 12

க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை. பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிகிறது, வேகத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மலைப்பாதைக்கான லோ கியரில் இருந்தால் பிடிக்காது, அது தெரியும். பார்த்தேன், கியர் சரியாகத்தான் இருக்கிறது. எழுபது கிலோமீட்டரும் காலாலேயே.

மார்ச் 14

வீங்கியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18

"ஆய்வகம்னே எழுதிக் குடுத்துடு" என்கிறார். போன வாரம் வரை 'உன் இஷ்டம்' என்று சொன்னவர். ஏன் என்று கேட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், ஒரே கையை மூன்று முறை.

மார்ச் 20

சண்டை. திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு என் பின்னாலேயே காரில் வந்திருக்கிறார்!

"ரயில்வே கேட்ல நின்ன. பின்னாடி பிரேக் விளக்கே எரியல. திருப்பத்துலயும் எரியல. பிரேக்கை மிதிக்க முடியாம, கியரைக் குறைச்சு, ஹேண்ட்பிரேக் போட்டுத்தானே நிறுத்துற? நான் என்ன குருடனா?"

மிதித்தேன், சத்தியமாக மிதித்தேன் என்றேன். நம்பவில்லை. இதென்ன, ஒளிஞ்சு ஒளிஞ்சு வேவு பாக்கிறது? இருபது வருஷமா நான் ஓட்டலியா? கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "ரயில் போயிட்டிருந்துச்சு. எனக்கு உயிரே இல்ல" என்றார்.

இப்போது எனக்கே சந்தேகம். கால் மரத்துப்போய்விட்டதோ? மிதித்ததாக நினைத்துக்கொண்டு — சே. ஆனால் வண்டி நின்றதே? கியரைக் குறைத்தேனா? குறைத்தேன்தான்.

படிவத்தில் 'ஆய்வகம்' என்று பென்சிலால் எழுதிவைத்தேன்.

மார்ச் 21

மெக்கானிக்கிடம் க்ரூஸ் கண்ட்ரோலுக்காகத்தான் போனேன். அவர் பொத்தான் பக்கமே போகவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "டாக்டரம்மா, பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தேன். "நல்லா மிதிங்க." மிதித்தேன். சிரிக்கிறார்.

"ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்மா. இந்த வண்டில பிரேக் விளக்கு போச்சுன்னா க்ரூஸும் போச்சு. தெரியாதவங்க பொத்தானை மாத்திக்கிட்டே இருப்பாங்க."

ட்ரெய்லர் ஒயரைச் செருகும் இடத்தில் கம்பி உரசியிருக்கிறது. கன்றுகளை ஏற்றிவந்த அன்றே ஃபியூஸ் எரிந்திருக்க வேண்டும். பத்து நாள் பிரேக் விளக்கில்லாமல் ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன். என் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மார்ச் 22

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நேரே வாசலுக்குப் போய் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் மிதிக்க மிதிக்க, "எரியுது... எரியுது..." பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்க்கும்வரை விடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, 'பண்ணை' என்று பேனாவால் எழுதி நேற்றே கொடுத்துவிட்டேன்.

இன்று அவரும் பின்னால் வந்தார், இந்த முறை சொல்லிவிட்டு. எண்பதில் வைத்துக் காலை நீட்டிக்கொண்டேன். மேட்டில் எருமை எழுபதுக்கு இறங்கி, நினைவு வந்து உறுமியது. வானம் மூட்டம். ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் முகமெல்லாம் சிவப்பு வெளிச்சம். கையைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் காரைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.