பிய்க்க வராத சீட்டு

ஏங்க, நீங்கள் மெஷினுக்கு மரம் குடையும் புது பிட் வாங்கித் திரும்புவதற்குள் நான் தையற்கடைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. தூவியிருப்பது மிளகுத்தூள்தான், உங்கள் மரத்தூள் இல்லை, நம்பிச் சாப்பிடலாம்.

நாலு மணிக்கு அத்தை வருகிறார். தூசி பட்டாலே அவருக்கு மூச்சிரைக்கும், அறையைத் துடைத்துவிடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை நேராக உங்கள் மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷினில் மாட்டினால் பை பத்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நடுவில் மூடி போட்ட வாளி ஒன்றை வைத்தால் முக்கால்வாசித் தூள் அதிலேயே தங்கிவிடும். வாளி கதவருகே இருக்கிறது. குழாய் நுழைய மூடியில் இரண்டு ஓட்டை போடுங்கள். அதற்காவது அந்த மெஷின் உதவட்டும்.

நேற்று, "ஓரத்துல பலகையைப் பிடிக்கிற கிளாம்பு இருக்கு, பாத்து ஓட்டுங்க"ன்னு சொன்னேன். "துணி தைக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"னு கேட்டுக்கொண்டே கிளாம்பில் மோதி பிட்டை உடைத்தீர்கள். வழுக்கும் துணியை நகராமல் பிடிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு.

அடுத்த பலகையை நானே பொருத்திவிட்டேன். மெஷின் மேடையில் மாஸ்கிங் டேப், பலகைக்கு அடியிலும் டேப், இரண்டுக்கும் நடுவில் சூப்பர் க்ளூ. கிளாம்பே வேண்டாம். அசைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் டேப்போடு பெயர்ந்து வரும்.

பி.கு: மேடையில் இருக்கும் இந்தச் சீட்டுக்கு டேப் போடவில்லை, வெறும் பசைதான். பிய்க்க வராது. துணி தைத்தே தன் மகனை ஆளாக்கிய அத்தையும் நாலு மணிக்குக் குனிந்து படிக்கட்டும்.