ரயிலேறிப் போனவன்

மார்ச் 4
ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கப் போன வீட்டில் அந்த அம்மா கேட்டார்: "அந்தக் காதல் நாவல் எழுதினவங்க வீட்டுக்காரர்தானே? கதாநாயகன் நீங்கதானா?"
"உயரம் இடிக்குதே" என்றேன். சிரித்தார்.
எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்ப்பதற்கு முன்பே மனைவி எழுதியது அது. அதில் வருபவன் நெடுநெடுவென்று இருப்பான், பாடுவான், கடைசியில் காதலியை விட்டு ரயிலேறிவிடுவான். நிஜத்தில் யார் அவன்? இத்தனை வருடத்தில் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 12
நாவல் நாடகமாக அரங்கேறியது. ரயில் கிளம்பியதும் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. மகள் காதோரம், "பாவம்பா அவன்" என்றாள்.
பாவமாம்!

ஜூன் 20
நாடகம் பார்த்த தயாரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சினிமா எடுக்கவேண்டுமாம்.
"எல்லாம் சரி மேடம். கடைசில மட்டும் அவன் திரும்பி வந்துடணும். ஜனங்க சந்தோஷமா வெளிய போகணும்ல?"
அவள் யோசித்தாள். அந்த யோசனைதான் எனக்குத் தாங்கவில்லை.
"அதெல்லாம் வரக்கூடாது! போனவன் போனவனாவே இருக்கட்டும்" என்று கத்திவிட்டேன். கையிலிருந்த டீ தட்டெல்லாம் சிந்தியது.
யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தாள்.

ஜூன் 21
ஏன் அப்படிக் கத்தித் தொலைத்தேன்? நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாயந்திரம் கேட்டேவிட்டேன்.
"அவன் நிஜமாவே இருந்தானா?"
"இருந்தான்." வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "வருவான் வருவான்னு ரொம்ப நாள் ஸ்டேஷன் பக்கமே சுத்தினேன். அப்புறம் எழுதித் தீர்த்தேன். தீர்ந்துபோச்சு."
"என்னைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட எழுதலையே?"
"உங்களோட சண்டை போடவே நேரம் சரியா இருக்கு. எங்க எழுத?"
என் கண் கலங்கியது. வெங்காயம் என்றேன். உரித்தது அவள்.

ஜூன் 23
தயாரிப்பாளரிடம் போனில் சொல்லிவிட்டாள்: "படமே வேண்டாம்னாலும் பரவால்லைங்க. அவன் வரமாட்டான்."

ஜூலை 19
இன்னும் பதில் இல்லை. அவள் பாட்டுக்கு இருக்கிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது. என்னால் கெட்டுவிட்டதோ?

ஆகஸ்ட் 2
ஒத்துக்கொண்டார்கள்! முடிவு நாவலில் உள்ளபடியே. அப்பாடா.

பிப்ரவரி 15
இன்று படம் வெளியாகிவிட்டது. முதல் பாதி முழுக்க, "நான் இப்படியா எழுதினேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். திரையில் ரயில் நகர்ந்தபோது அவள் முணுமுணுப்பைக் காணோம். திரும்பிப் பார்த்தேன் — என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் பின்னால் பார்த்தபடியே போனான். நான்தான் வழியனுப்பினேன். "ரொம்ப நன்றிப்பா, எங்க இருந்தாலும் நல்லா இரு" என்றேன் மனதுக்குள்.
"போயிட்டு வா" என்று மட்டும் சொல்லவில்லை.