ஓய்வு இல்லத்துக்கு வழிகாட்டும் பலகையில் கழிப்பறைப் படம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
ஓய்வு இல்லத்தின் மாடி,
கடற்கரைக்குச் செல்லும் தெரு.

பெறுநர்:
சுற்றுலா வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
சுற்றுலாத் துறை அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டு நிறுவனம் வழங்கிய பலகையில் உள்ள படத்தை மாற்றக் கோருவதும், அதே நிறுவனத்தின் கழிப்பறைத் திட்டத்தை எங்கள் வாசலிலிருந்து நகர்த்தக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் மகள் மேற்படி தெருவில், பயணிகள் தங்குவதற்கென நான்கு அறைகளுடன் ஓர் ஓய்வு இல்லம் நடத்திவருகிறாள். மாடியில் நான் வசிக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வியாபாரம் செய்வதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் மெத்தைகளே கடல் கடந்து வந்தவை. படுத்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பதைப் பார்க்கிறேன்.

2. சுற்றுலா வளர்வதை முன்னிட்டு, தாங்கள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் வழிகாட்டிப் பலகைகள் வாங்கித் தெருமுனைகளில் நட்டீர்கள். பலகை பளபளவென்று இருக்கிறது. எழுத்திலும் பிழையில்லை. "ஓய்வு இல்லம்" என்று எழுதி, எங்கள் வீட்டை நோக்கி அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கட்டில் படம் இருக்க வேண்டிய இடத்தில், நடுவே கோடு போட்டு ஓர் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். "ஓய்வு" என்றதும், ஆங்கிலத்தில் கழிப்பறையை 'ரெஸ்ட் ரூம்' என்பார்களே, அந்த ஓய்வறை என்று யாரோ எண்ணிவிட்டார்கள். பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் பொருள் சொல்லாதே என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். ஓய்வு நேரம் வேறு, ஓய்வறை வேறு. ஓய்வூதியம் என்ற சொல் அவர்கள் கையில் கிடைத்தால் என்ன படம் வருமோ என்று என்னைப் போன்றோர் கவலைப்படுகிறோம்.

3. அன்று முதல், பேருந்தில் வந்து இறங்குவோர் நேரே எங்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க, அவசரம்!" என்பவரை எப்படித் திருப்பி அனுப்புவது? அறை எடுத்தவர்கள் பெட்டியோடு வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். ஒருவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். "சும்மாதானே இருக்கீங்கப்பா, வாசல்ல நின்னு வரிசையப் பாத்துக்குங்க" என்கிறாள் மகள். "மாமா, வாய்ப்பாடு ஒப்பிச்சாத்தான் உள்ள விடுவேன்னு சொல்லிடாதீங்க" என்கிறார் மருமகன்.

4. சென்ற வாரம் அந்நிறுவனத்தின் பிரதிநிதி, மொழிபெயர்ப்பாளருடன் பலகைகளைப் பார்வையிட வந்தார். விடிவு வந்தது என்று ஓடினேன். அவரோ வரிசையைக் கண்டு முகம் மலர்ந்து படம் எடுத்துக்கொண்டார். நான் பிழையை விளக்கி முடிப்பதற்குள் மொழிபெயர்ப்பாளர், "சார், உங்க தெருவுல செம டிமாண்ட் சார்!" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். இப்போது அதே நிறுவனம், எங்கள் வாசலுக்கு எதிரே தானியங்கிக் கழிப்பறைகள் அமைக்க முன்வந்திருப்பதாகவும், அது தங்கள் பரிசீலனையில் இருப்பதாகவும் அறிகிறேன். கணக்கைத் தப்பாக எழுதிக்கொண்டு, அதற்குச் சரியாக விடை போட்ட மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பது போன்றது இது.

5. வெளிநாட்டுப் பயண நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கும் விடுதிகளைத் தேர்ந்தெடுக்கத் தங்கள் ஆய்வு அலுவலர் அடுத்த வாரம் வருகிறார். இந்தப் பரிந்துரையை நம்பித்தான் என் மகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். அது கிடைக்காவிட்டால் இல்லத்தை மூட வேண்டியதுதான்.

6. ஆகவே, ஆய்வுக்கு முன்பாகப் பலகையில் ஒரு கட்டில் படத்தை ஒட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேருந்து நிற்கும் இடத்தில் கழிப்பறை கட்டாயம் தேவை. அந்நிறுவனம் அங்கே அமைக்கட்டும். அவர்கள் வியாபாரமும் கெடாது. தாமதமானால், ஆய்வு அலுவலரும் அதே பலகையைப் பார்த்துத்தான் வருவார். அவர் வாய் திறக்கும் முன்பே என் மகள் பழக்கதோஷத்தில், "வலது பக்கம் ரெண்டாவது கதவு சார், தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம்" என்று சொல்லிவிடுவாள். அவரும் உண்மையிலேயே அவசரத்தில் வந்திருந்தால் ஒழிய, எங்களுக்கு மன்னிப்புக் கிடைக்காது.

இடம்: மாடி (கீழே வரிசை)
நாள்: திங்கட்கிழமை

தங்கள் நடவடிக்கையை வாசலில் நின்றபடி எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற ஆசிரியர்