அட்டமி கழியக் காத்திருந்த கடிதம்

1986 ஆவணி, வெள்ளி.

இன்று வீட்டில் நான், மகள் பூரணம், பேத்தி வசந்தி, என் தம்பி செல்லத்துரை.

வசந்தி கூட்டுறவுச் சங்கக்கடையில் தட்டச்சு செய்கிறாள். கம்ப்யூட்டரைக் கண்ணால் காணாமலே, பழைய புத்தகமொன்றைப் பார்த்து அதற்குப் புரோகிராம் எழுதப் பழகினாள். எழுதிய கொப்பியை, வேலை கேட்டுக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள்.

அங்கிருந்து வந்த கடிதத்தைத் தம்பி இன்றுதான் தந்தான். செவ்வாயன்றே தபால்காரன் அவன் கையில் கொடுத்தானாம்.

"செவ்வாய், அட்டமி, நவமி எல்லாம் போகட்டுமெண்டு வைச்சிருந்தனான் அக்கா. நல்ல காரியமல்லோ!"

பிரித்தால், நேர்முகத் தேர்வு நேற்று.

"கம்ப்யூட்டரும் பஞ்சாங்கம் பாக்குமோ, தாத்தா?" என்று வசந்தி சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

"வேற கம்பனிக்கு எழுதுறன் அம்மம்மா, விடுங்கோ" என்கிறாள்.

அவள் விடுவாள். என் கலியாணத்தில் சாப்பிடாமல் போனவர்களை இன்றும் வரிசையாகச் சொல்கிறவள் நான். கூடப் பிறந்தவன்தான். ஆனாலும் மன்னிக்க மாட்டேன், செல்லத்துரையை.