தாளில் விழுந்த சூரியன்

அன்புள்ள பூச்சிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. அது தனிக் கட்சி நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை, சாப்பிடு. சித்தி வீடு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, படி ஏறும்போதெல்லாம் எனக்கு ஃபோன் போட்டு வெறுமனே மூச்சு வாங்குகிறாள். ஆய்வுக்கூடத்தில் இந்த மாதம் நானூறு வெப்பமானிகள் சரிபார்க்க வந்திருக்கின்றன, எல்லாமே தன்னைத்தான் நம்ப வேண்டும் என்கிற மாதிரி ஆளுக்கொரு அளவு காட்டுகின்றன. என் பிழைப்பே எதையும் நம்பாமல் இருப்பதுதான் என்று உனக்குத் தெரியும், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் படக்கதையின் அச்சுப் பிரதி போன சனிக்கிழமை வந்தது, கூடவே உன் சீட்டும். சூரியன் தப்பான பக்கமாகச் சுற்றுகிறது என்று பதிப்பகத்தின் அறிவியல் சரிபார்ப்பாளர் எழுதியிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம், அம்மாவும் தப்பு என்று சொன்னால் நடு அத்தியாயம் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்று வருட வேலையை ஒரே வரியில் தூக்கிப்போடத் தயாராக இருக்கிறாயே, அதுவும் என் ஒரு வார்த்தைக்காக, எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நீ இயற்பியலை விட்டுவிட்டுக் கிளம்பியபோது, படம் கிறுக்க எதுக்குடி அவ்வளவு தூரம், சுவர் இங்கேயே இருக்கே என்று சொன்னவள் நான். அந்த வார்த்தைக்கு இன்னமும் இவ்வளவு எடை இருக்கும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னது தப்பு. இதை நான்கு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன், மறைக்கவில்லை. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் சூரியன் சுழலச் சுழல அதன்மேல் தெரியும் கரும்புள்ளிகள் இடமிருந்து வலமாக நகர வேண்டும், உன் பக்கங்களில் வலமிருந்து இடமாகப் போகின்றன. சரிபார்ப்பாளர் சொல்வது சரிதான் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு சுழி போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த வட்டத்தின் நடுவில் கடுகளவு ஒரு கருப்பு வரைந்திருந்தாய், அது புள்ளி இல்லை, காம்பஸ் முள் குத்திய ஓட்டை. மூலையில் தேதி, மணி, அதில் ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. அப்படி ஏழு எழுதுகிற ஆள் நம் வீட்டில் நான் ஒருத்திதான். பழைய பேப்பரோடு போய்விட்டது என்று நான் நினைத்த கல்லூரி நோட்டை நீதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. கேட்டிருந்தால் தந்திருப்பேனா என்று தெரியவில்லை, அதனால் திட்டவும் முடியவில்லை.

கடைசி வருடம் முழுக்கக் கல்லூரி மாடியிலிருந்த தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்து, புள்ளிகளைப் பென்சிலால் வரைவது என் வேலை. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றால்தான் அந்தத் தாளைப் பார்க்க முடியும், பிம்பமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித்தான் விழும். நீ வானத்தைப் பார்த்து வரையவில்லை, என் தாளைப் பார்த்து வரைந்திருக்கிறாய். ஆக, உன் சூரியன் தப்பாகச் சுற்றவில்லை. குனிந்து நிற்கிற ஒருத்தியின் கண்ணுக்குத் தெரிகிற சூரியன் அது.

அதற்குப் பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். சூரியன் பச்சையாக இருக்கிற பக்கத்தை அச்சுக் கோளாறு என்று நினைத்திருந்தேன், அது அப்பாவின் வெல்டிங் கண்ணாடி, கிரகணத்தன்று நாம் மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தது. சூரியனின் மேற்பரப்பு பொரிப்பொரியாக இருக்கிற பெரிய படத்தைக் காட்டி, அடியிலிருந்து வெப்பம் கொதித்து எழுவதை எவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று அப்பாவுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி மேடம், இது நம்ம குளியலறை ஜன்னல் கண்ணாடி, கீழ் மூலையில விரிசல் கூட இருக்கு பாரு என்றார். போய்ப் பார்த்தேன், இருந்தது. இருபது வருடமாக அந்த ஜன்னலுக்கு எதிரே பல் தேய்க்கிறேன், ஒருநாள்கூட எனக்குச் சூரியன் தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை, ஆனால் அந்தப் படத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் சூரியனே இல்லாமல் இரண்டு பக்கம் முழுக்க மேகமாகவே வரைந்திருக்கிறாயே, புத்தகத்திலேயே அழகான இடம் அதுதான், அதைப் பார்த்த அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மேகமா, அந்த மூணு நாளும் வெயில் மண்டையைப் பிளந்துச்சே என்கிறார். அவர் சொல்வது உண்மை. மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டு உடைந்து, அதைப் பற்றவைக்க ஒரு வெல்டர் வந்திருந்தார், மூன்று நாள் வேலை. நான் தொலைநோக்கிப் பக்கமே போகவில்லை, கீழே டீ கிளாஸோடு நின்று அவரிடம் இரும்பைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மூன்று காலி வட்டம் போட்டு மேகம் என்று எழுதிவைத்தேன். என் வாழ்க்கையில் நான் பொய்யாகப் பதிந்த ஒரே அளவு அது, அதன் விளைவுதான் நீ. பேராசிரியர் நம்பினார், நீயும் நம்பியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை மாற்றாதே. இல்லாத மேகத்தை இவ்வளவு நன்றாக யாரும் வரைந்துவிட முடியாது.

ஆனாலும் இருபத்தேழு வருடத்து ஞாபகத்தை மட்டும் வைத்து உனக்குப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் காலையில் மொட்டை மாடியில் பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, ஸ்டாண்டில் கட்டி, சூரியனைத் தாளில் விழவைத்தேன். உள்ளே கண்ணை வைத்துவிடாதீர்கள் என்று அப்பாவை ஆறு முறை மிரட்டினேன், எனக்கே பாடமா, தினமும் தீப்பொறியோட குடித்தனம் பண்றவன் நான் என்றார். முழங்கால் வலியோடு தாளை ஆடாமல் பிடித்துக்கொண்டார். இப்போது ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் இருக்கிறது. தாளில் வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் மூன்று நாளும் அது வலமிருந்து இடமாகத்தான் நகர்ந்தது, உன் பக்கங்களில் நகர்வதுபோலவே. மூன்று தாளையும் இதோடு கூரியரில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை கிடைத்துவிடும்.

ஆகவே படங்களை இடவலம் மாற்றி வரையாதே, பக்கங்களை எடுக்கவும் எடுக்காதே. அத்தியாயத்துக்கு முன்னால் ஒரே ஒரு படம் சேர், தொலைநோக்கி, தாள், சூரியனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிற ஒருத்தி, முகம் வேண்டாம். அது போதும், படிக்கிறவர்கள் யார் கண்ணால் பார்க்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். சரிபார்ப்பாளருக்கும் தனியாக ஒரு பக்கம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவர் கவனித்தது சரி, ஆனால் அது வானத்துக்குப் பொருந்தும், இது தாள் என்று மரியாதையாகவே எழுதியிருக்கிறேன். கீழே என் பட்டத்தையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் போட்டிருக்கிறேன், நான் உன் அம்மா என்று எழுதவில்லை. உன் படம் சரியாக இருக்கிறது, அதற்குச் சிபாரிசு தேவைப்படாது.

நன்றாக இரு, கை வலிக்காமல் வரை, கண்ணைப் பரிசோதித்துக்கொள், வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் வாசகி,
அம்மா