எண்ணியது முதலிலா, கொடுத்தது முதலிலா

மார்ச் 5
தம்பி போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். தைக்க உட்கார்ந்தேன், ஓடவில்லை.

காலண்டரில் என் கையெழுத்து. தினம் காலையில் ஒன்று என்று போடும் அவனுடைய வலிப்பு மாத்திரையில் மீதி: பிப்ரவரி பதினொன்றாம் தேதி 8, பன்னிரண்டாம் தேதி 7. பன்னிரண்டு காலையில்தான் வலிப்பு வந்து விழுந்தான். “இன்னிக்கு மாத்திரை கொடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். கொடுத்தேன் என்றேன். அப்புறம் கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னேன். கொடுத்தேனா? கொடுத்துவிட்டு எண்ணினேனா, எண்ணி எழுதிவிட்டுக் கொடுக்க மறந்தேனா? ஒரு நாள் அப்படி எழுதுவேன், ஒரு நாள் இப்படி. மாத்திரை அட்டையும் அன்றைய ஓட்டத்தில் எங்கேயோ போய்விட்டது.

மார்ச் 6
ஏழு. ஏழு என்றால் என்ன?

மார்ச் 9
நெட்டை வந்தான். தம்பியோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்குப் புது மொழி ஒன்று செய்துகொண்டிருந்தவன். வேலை பாதியில் நிற்கிறதாம்.

“ஒரே விஷயத்துக்கு நாலு மாசம் சண்டைக்கா. ஒரு வரியில ரெண்டு வேலை இருந்தா எது முதல்ல?”

மூன்றாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. விழித்தேன். என் பொத்தான் டப்பாவை இழுத்தான். “இதுல பத்து இருக்குன்னு வைங்க. எண்ணுறது ஒரு வேலை, ஒண்ணை எடுக்குறது ஒரு வேலை. முதல்ல எண்ணினா பத்து. எடுத்துட்டு எண்ணினா ஒம்பது.”

“எது சரி?”

“ரெண்டும்தான். மிஷின் தன் வசதிக்குப் பண்ணிக்கட்டும், வேகமா ஓடும்னேன் நான். இடது பக்கம் இருக்குறதுதான் முதல்லன்னு மொழியிலயே எழுதி வைக்கணும்னான் அவன். உடும்புப்பிடி.”

“விடைய மட்டும் பாக்குறவனுக்கு, எது முதல்ல நடந்துச்சுன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

காலண்டரைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவன் அந்த 7 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது ஏதோ நினைப்பில் தம்பியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான் — கூப்பிட மனம் வரவில்லை.

மார்ச் 15
நெட்டை போன் செய்தான். “இடதுதான் முதல்லன்னு எழுதிட்டேன்க்கா. கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்.”

“ஓடட்டும். யாரு துரத்துறா?”

மார்ச் 17
சித்தி போனில் கேட்டாள், எல்லாரும் கேட்பதைத்தான். “அன்னிக்கு மாத்திரை போட்டானாடி?”

“தெரியாது சித்தி.”

“கொடுத்தேன்னு சொன்னியே?”

“சொன்னேன். தெரியாது.”

“சாப்பிட்டியா?” என்றாள் சித்தி.

அதற்கும் உள்ளதைச் சொன்னேன்: இல்லை.